மேல்நிலை வகுப்பில் முதல் மொழியாகத் தமிழா, பிரெஞ்சா? சிறப்புத் தமிழ் எடுப்பது குறித்தும் ஆலோசனை தேவை

கொள்ளிடக்கரை:

என் மகள் இந்த ஆண்டு ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். தமிழில் 97 மதிப்பெண். கையில் கிடைக்கும் கதை, கவிதை எதையும் விடாமல் படிப்பவள். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கப் போனபோது, மொழிப் பாடமான பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் முழு மதிப்பெண் வாங்கலாம், தமிழில் 95-ஐத் தாண்டுவதே பெரும்பாடு, எனவே மொத்தம் 600-க்கு 590-ஐத் தொட வேண்டுமானால் பிரெஞ்சுதான் வழி என்று சொல்லி அனுப்பினார்கள். இவளோ கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் கணவரும் மாமனாரும், எதற்கும் கணிதம், உயிரியல் உள்ள பிரிவில் இருக்கட்டும், பிறகு மனம் மாறினால் வருந்தக் கூடாது என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து 11 கிலோமீட்டரில் உள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு, பொருளியலோடு சிறப்புத் தமிழும் இருப்பதாக அறிந்தேன். சிறப்புத் தமிழ் படிக்காமல் கல்லூரியில் தமிழ் படிக்க முடியாதா? பிரெஞ்சு எடுத்தால் அந்த வழி அடைபட்டுவிடுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

அம்மா, நான் முதுகலைத் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தாங்கள் கேட்ட இரண்டையும் பள்ளி வளாகங்களில் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மேல்நிலையில் பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 என்று மொத்தம் 600. பகுதி ஒன்றில் எல்லாரும் படிக்கும் தமிழ் பொதுத் தமிழ். சிறப்புத் தமிழ் என்பது பகுதி மூன்றின் நான்கு பாடங்களுள் ஒன்றாக வருவது. அதற்குத் தனிப் பாடநூல் உண்டு. கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்வதற்குச் சிறப்புத் தமிழ் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணிதம், உயிரியல் படித்த பிள்ளைகளும் வணிகவியல் படித்தவர்களும் தமிழ் இலக்கியத்தில் சேர்ந்து நன்றாகவே படிக்கிறார்கள். அவர்களிடம் பார்ப்பது பகுதி ஒன்றில் தமிழ் படித்தார்களா, அதில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைத்தான். ஆகவே எந்தப் பிரிவு என்பதில் தங்கள் கணவரோடு சண்டை போடத் தேவையில்லை. மொழியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, அந்த 590 கணக்கு. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப் போடுகிறார்கள். மருத்துவத்துக்கு நீட் தேர்வின் மதிப்பெண்தான் தரவரிசை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் பொதுத் தரவரிசை பகுதி மூன்றின் 400-க்குத்தான். பிரெஞ்சில் கூடுதலாக வாங்கும் ஐந்து மதிப்பெண் இந்தக் கணக்குகளில் எங்கே ஏறுகிறது? மொத்த மதிப்பெண்ணைக் காட்டிப் பள்ளி வாசலில் பதாகை கட்டலாம், அவ்வளவே. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே அரசு 2017-இல் கைவிட்டுவிட்டது.

தமிழில் மதிப்பெண் வராது என்பதும் பழைய பயம். முன்பு மொழிக்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு தேர்வு இருந்தது. 2018-19 முதல் ஒரே தாள்தான். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. செய்யுளை அடி பிறழாமல் எழுதி, இலக்கண வினாக்களை விட்டுவிடாமல், உரைநடை விடைகளைச் சொந்த வாக்கியத்தில் எழுதும் பிள்ளைக்கு 97 கிடைக்கும். கையேட்டை மனப்பாடம் செய்பவர்களே 88-இல் நிற்பார்கள்.

சிறப்புத் தமிழ் உள்ள பள்ளிக்கு அனுப்பலாமா என்றால், அதற்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். பொதுத் தமிழ் நடத்துபவரே மீதி நேரத்தில் அதையும் பார்த்துக்கொள்ளும் பள்ளி என்றால் 11 கிலோமீட்டர் போய்வருவதில் பயனில்லை. நல்ல ஆசிரியர் இருந்தால், இலக்கியத்தை வரலாற்றோடும் வடிவங்களோடும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் இரண்டாண்டு முன்பே வந்துவிடும். கல்லூரி முதலாண்டில் தொல்காப்பியத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சிறப்புத் தமிழ் படித்து வந்தவர்கள் அப்படி மிரளுவதில்லை.

நுங்கம்பாக்கத்துப் பேருந்து:

நான் மேல்நிலையில் பிரெஞ்சு எடுத்தவள், 98 வாங்கினேன். இரண்டாண்டும் வினைச்சொல் அட்டவணைகளையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் மனப்பாடம் செய்தேனே தவிர, ஒரு பக்கம் பிரெஞ்சை அகராதி இல்லாமல் படிக்க எனக்கு வராது. கல்லூரி முடித்த பின் அலியான்ஸ் பிரான்செஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் சேர்ந்தபோது ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்தே தொடங்கினார்கள், அதுவே நியாயமாகவும் இருந்தது. பி1 என்ற இடைநிலையைத் தேறியபோதுதான் மொழி ஒன்றைக் கற்றிருக்கிறேன் என்ற எண்ணம் வந்தது. பிரெஞ்சு மீது உண்மையான ஆசை இருந்தால் பிறகு எந்த வயதிலும் இப்படித் தொடங்கலாம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அந்நிய மொழிப் பட்டப்படிப்புகளையே முன்னறிமுகம் இல்லாதவர்களுக்கும் நடத்துகிறார்கள். ஆனால் பதினாறு, பதினேழு வயதில் சங்கப் பாடலை ஓர் ஆசிரியர் வாய்விட்டு வாசிக்கக் கேட்கும் வாய்ப்பு எனக்குப் போனது போனதுதான்.

மூவேந்தர் தெரு:

பிரெஞ்சு எடுப்பவர்கள் எல்லாரும் மதிப்பெண்ணுக்கு அலைபவர்கள் என்ற தொனி இங்கே வருவதால் இதை எழுதுகிறேன். என் மகன் எட்டாம் வகுப்பு வரை வெளிமாநிலத்தில் படித்தவன். இங்கே வந்து இரண்டே ஆண்டில் தமிழ் எழுத்துக் கற்று, பத்தாம் வகுப்பில் 41 எடுத்துத் தேறினான். அந்த இரண்டாண்டும் வீட்டில் அழுகைதான். பதினொன்றில் பிரெஞ்சு எடுத்த பிறகே கணிதத்தைப் படிக்க அவனுக்கு நேரம் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு இது பொருந்தாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இயல் ஒன்பது:

கல்லூரித் தமிழ்த்துறையில் பணிபுரிகிறேன். கரும்பலகை ஐயா சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் தமிழ் இலக்கியத்துக்குத் தனித் தரவரிசை போடுகிறோம், அது பகுதி ஒன்றின் தமிழ் மதிப்பெண்ணை வைத்து. ஆங்கில இலக்கியத்துக்கு அதேபோல் பகுதி இரண்டின் ஆங்கிலம். எனவே மற்றவர்களுக்குக் கணக்கில் வராத அந்த மொழி மதிப்பெண், உங்கள் மகளுக்கு மட்டும் நுழைவுச் சீட்டாகவே ஆகிறது. அதைப் பிரெஞ்சில் வாங்கி வந்தால் எங்கள் பட்டியலில் சேர்க்க இடமே இல்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலை முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையும் உண்டு. அதையும் குறித்து வையுங்கள்.

வேலை பற்றி வீட்டில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆசிரியர் பணிக்குக் கல்வியியல் பட்டமும் போட்டித் தேர்வும் உண்டு, காத்திருப்பும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ். குடிமைப் பணித் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். இவை இருப்பதால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் மாணவர்களில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கைவிட்டவர்கள். மொழிபெயர்ப்பு, பதிப்பகம், தொலைக்காட்சி என்று எங்கே போனாலும் இரண்டாவது மொழி ஒன்று கேட்கிறார்கள். பகுதி இரண்டைப் பாடமாக மட்டும் பார்க்காமல், நாளொரு பக்கமாவது ஆங்கிலம் படிக்கச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:

அனைவருக்கும் நன்றி. அந்த அரசுப் பள்ளிக்கு நேற்று நேரில் போனேன். சிறப்புத் தமிழுக்கென்று ஆசிரியை ஒருவர் இருக்கிறார், ஆனால் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பழைய பள்ளியில் தமிழை எடுத்துக்கொள்ள இப்போது சம்மதிக்கிறார்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஆறு மாதத்தில் முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடங்கிவிடுவார்களாம்.

கரும்பலகை:

பதினொன்றாம் வகுப்பைத் தாவிச் செல்லும் இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18-இல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-26 முதல் அது இல்லை என்றவுடன் பழையபடி தொடங்கிவிட்டார்கள் போலும். ஆசிரியை ஓய்வு பெறும் மாதத்தைக் கேட்டீர்களா? கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவர்களை ஆண்டு இறுதி வரை பணியில் வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அப்படியானால் முதலாண்டோடு இரண்டாமாண்டின் பெரும்பகுதியும் அவரிடமே படிக்கக் கிடைக்கலாம். அதை உறுதி செய்துகொண்டு, மகளையும் அழைத்துப் போய் அந்த அம்மையாரின் வகுப்பு ஒன்றில் உட்கார வைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய பள்ளியிலேயே இருப்பதென்றால், பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தமிழ் நூலைக் கோடை விடுமுறையிலேயே அவளாகப் படித்து முடிக்கட்டும். கதை படிக்கிற பிள்ளைக்கு அது பத்து நாள் வேலை.