முள்முருங்கைக்கு ஊசி போடுவதா, வெட்டுவதா?

மூன்றேக்கர்க்காரன்:
தாண்டிக்குடிக்குக் கீழே மூன்று ஏக்கர் காப்பி. நிழலுக்கும் மிளகுக் கொடிக்குமாக அப்பா காலத்தில் போத்து (கிளைத்துண்டு) நட்ட முள்முருங்கை நாற்பது மரம் நிற்கிறது. இந்த வருடம் துளிர் விட்டதும் இலையும் காம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருண்டு கொட்டுகின்றன. முடிச்சைப் பிளந்தால் உள்ளே புழு. ஏதோ குளவியாம். மிச்சிகனில் இருக்கும் மச்சான், "இங்கே ஆஷ் மரத்துக்கு நகராட்சியே ஊசி போடுகிறது, நீயும் போடு" என்கிறான். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மருந்துக்கடை:
மச்சான் சரியாகத்தான் சொல்கிறார். ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு டெட்ராய்ட் பக்கம் 2002ல் கண்ணில் பட்டது. புழு பட்டைக்கு அடியில் தின்று தின்று மரத்தின் நீரோட்டத்தையே அறுத்துவிடும். கோடிக்கணக்கில் மரங்கள் போயின. அடிமரத்தில் துளை போட்டு எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிமருந்தை ஏற்றிய மரங்கள் நிற்கின்றன, ஒரு தடவைக்கு இரண்டு வருடம் தாங்கும். உங்கள் குளவிக்கு ஹவாயில் இமிடாக்ளோப்ரிட் என்ற மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். மருந்தில்லாமல் பூச்சியைக் கெஞ்சியா அனுப்புவது?

பண்ணைக்காட்டு அக்கா:
ஆஷ் இலையில் யாரும் அடை தட்டுவதில்லையே! எங்கள் வீட்டில் சளி என்றால் முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்து அடைதான். கழித்த கிளை ஆட்டுக்கு. மரம் முழுக்க ஏறுகிற மருந்து இலைக்கு மட்டும் வராமல் போகுமா? இலை உதிர்ந்து சிவப்பாகப் பூத்து நிற்கும்போது தேன்சிட்டும் தேனீயும் அதில்தான் கிடக்கும்.

மருந்துக்கடை:
ஊசி போட்ட மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள். அதில் இலை பறிக்க வேண்டாம்.

பண்ணைக்காட்டு அக்கா:
ஆட்டுக்கு யார் பாடம் எடுப்பது, நீங்களா?

கூடலூரான்:
காப்பிக் காய்த்துளைப்பான் 1990ல் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டதே எங்கள் நீலகிரிக் கூடலூரில்தான். வெளியூர்ப் பூச்சி எங்களுக்குப் புதிதில்லை. இந்தக் குளவி கேரளத்தில் இருப்பதாக 2006ல் எழுதினார்கள். எங்கள் தோட்டத்தில் மரம் சாய்ந்தது, அதோடு மிளகுக் கொடியும் சாய்ந்தது. ஊசி, பெயிண்ட் என்று காசைக் கரைக்காதீர்கள். வெட்டி எரித்துவிட்டு சில்வர் ஓக் வையுங்கள். நேராக வளரும், பின்னால் மரமாகவும் விற்கலாம்.

மூன்றேக்கர்க்காரன்:
அண்ணே, அது நிழல் கொடுக்க எத்தனை வருடம்? அதுவரை செடி வெயிலில் நிற்கும். வெயில் விழுகிற அராபிகா காப்பிச் செடியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தேடி வருகிறது. குளவிக்குப் பயந்து மரத்தை வெட்டிவிட்டு வண்டுக்குச் செடியைக் கொடுப்பதா? முள்முருங்கை பயறு வகை, வேரில் தழைச்சத்து சேர்க்கும். சில்வர் ஓக் அதைச் செய்யாது.

ஓய்வு வாத்தியார்:
பப்பாளி மாவுப்பூச்சியை மறந்துவிட்டீர்களா? 2008ல் கோவையில் வந்தது, எத்தனை மருந்து அடித்தும் போகவில்லை. 2010ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை (பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவி) கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஹவாயிலும் இந்த முள்முருங்கைக் குளவிக்கு 2008ல் தான்சானியாவின் ஒட்டுண்ணியை விட்டார்கள். இலைகள் பெரும்பாலும் மீண்டுவிட்டன, பூவிலும் காயிலும் சேதம் இன்னும் உண்டு. பூச்சியைப் பூச்சியால்தான் பிடிக்க வேண்டும்.

மருந்துக்கடை:
அதை இவர் பார்சலில் வரவழைப்பாரா சார்? அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அது. இவருக்கு நிழல் இந்த வருடமே வேண்டும்.

ஓய்வு வாத்தியார்:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. குளவி இளந்துளிரில்தான் முட்டையிடும். நிழல் கழிக்கிறேன் என்று எல்லா மரத்தையும் மொட்டையடித்தால் மொத்தமாகத் துளிர்க்கும். அதற்கு அது விருந்து. முடிச்சு விழுந்ததை மட்டும் ஒடித்து அன்றைக்கே எரியுங்கள். போத்து ஏதாவது வெளியிலிருந்து வாங்கினீர்களா?

மூன்றேக்கர்க்காரன்:
(இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.) போன வருடம் கேட் ஓரம் ஆறு போத்து வாங்கி நட்டேன். முதலில் முடிச்சு விழுந்தது அந்த ஆறில்தான்.

கூடலூரான்:
பார்த்தீர்களா! காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

மூன்றேக்கர்க்காரன்:
அந்த ஆறையும் இன்று பிடுங்கி எரித்தாயிற்று. ஆடு போகிற பக்கத்தில் ஊசி கிடையாது, அக்கா சொன்னது மனதில் நிற்கிறது. மேல் சரிவில் தளர்ந்துபோன பதினொரு மரத்தை இப்போதே வெட்ட மாட்டேன். அவற்றுக்கு நடுவில் சில்வர் ஓக் நாற்று வைத்து, அது தலையெடுத்த பிறகு பார்த்துக்கொள்கிறேன். மருந்துக்கடை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மருந்துக்கடை:
கோபமெல்லாம் இல்லை. அடுத்த துளிருக்கு நீங்களே போன் பண்ணுவீர்கள்.

பண்ணைக்காட்டு அக்கா:
தம்பி, தை மாதம் தங்கை மகள் கல்யாணம். பந்தக்காலுக்கு எப்போதும் உங்கள் தோட்டத்து முள்முருங்கைக் கிளைதான் வரும்.

மூன்றேக்கர்க்காரன்:
இந்தத் தடவை என்னிடம் கேட்காதீர்கள் அக்கா. உங்கள் கொல்லையிலேயே ஒடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் வந்துவிடுகிறேன்.