1955 பாக்கார்டு கரீபியன்: லிஃப்டர் மாற்றியும் டேப்பெட் சத்தம் போகவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1955 பாக்கார்டு கரீபியன் கன்வெர்ட்டிபிள் இருக்கிறது. அந்த வருடம் செய்ததே 500 வண்டிதான். மூன்று வண்ணப் பெயிண்ட், தோல் சீட் எல்லாம் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்திருக்கிறார். 352 கன அங்குல வி8, இரண்டு கார்புரேட்டர், 275 குதிரைத்திறன். வாரக் கடைசியில் நான்தான் அவருக்குக் கூடமாட உதவி.

காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தமே கிடையாது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் வந்து நின்றால் வால்வு மூடிக்கு அடியிலிருந்து டக் டக் என்று தையல் மிஷின் மாதிரி ஆரம்பித்துவிடுகிறது. இஞ்சின் வேலை பார்த்த பட்டறையில் லிஃப்டர் (வால்வைத் தூக்கிவிடும் டேப்பெட்) போய்விட்டது என்றார்கள். 16-ஐயும் மாற்றினோம், பத்து நாள் நன்றாக இருந்தது, திரும்பவும் வந்துவிட்டது. தனியாகக் கேஜ் மாட்டிப் பார்த்தால் ஆயில் பிரஷர் மோசமில்லை, ஆனால் முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் மனம் விட்டுப்போயிருக்கிறார். அடுத்து எதைப் பார்ப்பது?

பதில் 1:
கெட்டி ஆயில் ஊற்றிப் பாருங்கள் நண்பரே, பழைய இஞ்சினுக்கு 20டபிள்யூ-50 நன்றாக நிற்கும்.

பதில் 2:
தம்பி, ஆயிலையும் மாற்ற வேண்டாம், லிஃப்டரையும் மறுபடி தொட வேண்டாம். வண்டி நன்றாகச் சூடானதும் நிறுத்தி, உடனே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆயிலில் பொடிப்பொடியாகக் குமிழி தெரிந்தால் கோளாறு பம்ப்பில்தான்.

இது பாக்கார்டின் முதல் வி8. வைப்பர் மோட்டாரில் இல்லாமல் வேக்குவத்தில், அதாவது இஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையில், ஓடுகிற காலம் அது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மேனிஃபோல்டில் (இஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) வேக்குவம் குறைந்து வைப்பர் படுத்துவிடும், அதற்காக ஆயில் பம்ப்புக்கு அடியிலேயே ஒரு வேக்குவம் பம்ப்பையும் சேர்த்து வைத்தார்கள். அங்கே தேய்மானம் வந்தால் காற்று ஆயிலில் கலந்துவிடும். ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ளே இருக்கிற ஆயிலை நம்பித்தான் நிற்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, காற்று கலந்த ஆயில் அமுங்கும், அதுதான் சத்தம். புது லிஃப்டர் போட்டாலும் அதே நுரைதானே உள்ளே போகிறது!

சேம்பரை (இஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறக்கிப் பம்ப்பைக் கழற்றுங்கள். ஷாஃப்ட் ஆடுகிறதா, தகடு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேக்குவம் பகுதியை எடுத்துவிட்டுத் தட்டையான தகடு போட்டு மூடுவதுதான் பலரும் செய்வது. ஓல்ட்ஸ்மொபில் பம்ப்பை அடாப்டர் வைத்து மாட்டுகிறவர்களும் உண்டு.

பதில் 3:
அண்ணன் சொல்வது சரி. ஒன்று மறக்காதீர்கள்: ஜாக்கி போடும் முன் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் டார்ஷன்-லெவல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இந்த வண்டியில் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நீள முறுக்குக் கம்பிதான் இணைக்கிறது. பாரம் மாறினால் சுமார் 7 வினாடி பொறுத்து மோட்டார் தானாக வண்டியைச் சமப்படுத்தும். நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது அது நகரக் கூடாது. ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகவே போகாதீர்கள்.

அப்புறம் மின்சார வைப்பர் மாட்டும் எண்ணம் இருந்தால், இது 12 வோல்ட் என்றாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி பாடியோடு இணைந்திருக்கும். சாதாரண மோட்டாரை அப்படியே இணைத்துவிட வேண்டாம்.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. டிப்ஸ்டிக்கில் குமிழி இருந்தது, சோப்புத் தண்ணீர் மாதிரி. சுவிட்சை அணைத்து, நான்கு ஸ்டாண்டு வைத்து, சேம்பரை இறக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. பம்ப்பின் தகட்டில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது, நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழம். புஷ்ஷும் தளர்வு. புஷ்ஷை மாற்றி, வேக்குவம் பக்கத்தைத் தகடு போட்டு அடைத்தோம். வைப்பர் குழாயை மேனிஃபோல்டுக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம்.

நேற்று 40 மைல் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றோம். கேஜ் முள் அசையவில்லை. பெரியவர் இஞ்சினை அணைக்காமல் கதவைத் திறந்து, பானெட் பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார், பின்னால் ஹாரன் அடிக்கிறவரைக்கும். மேடு ஏறும்போது வைப்பர் மெதுவாகிறது. மழையில் இதை வெளியே எடுக்க மாட்டேன், அது போதும் என்கிறார்.