புது வண்டி வாங்கிய ஒன்பதாம் நாள்: எங்கள் குடும்பக் குழுவில்

வெள்ளிக்கிழமை

[இரவு 11.48] நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா? கார் வாங்கி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. தூக்கமே வரவில்லை. தவறான வண்டியை வாங்கிவிட்டேன் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

[இரவு 11.50] தம்பி: அன்றே சொன்னேனே சின்னக்கா. அந்த உயரமான வண்டியை எடுத்திருக்கலாம்.

[இரவு 11.51] அக்கா: தம்பி, இந்த நேரத்தில் அவளுக்கு இதுவா தேவை?

[இரவு 11.54] நான்: அவன் மேல் கோபமில்லை அக்கா. நானும் அதைத்தான் நினைக்கிறேன். அந்த வண்டி வேண்டாம் என்று முடிவு செய்த நாளிலிருந்து திரும்பிய பக்கமெல்லாம் அதுதான் நிற்கிறது. சிக்னலில் பக்கத்தில் ஒன்று. அலுவலக வாசலில் மூன்று. நேற்று இரவு ஒரு மணி வரை அதைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

[இரவு 11.56] அக்கா: வாங்கிய பிறகுமா?

[இரவு 11.57] நான்: வாங்குவதற்கு முன் பார்த்ததைவிட அதிகமாக.

[இரவு 11.59] அக்கா: முதலில் அதை நிறுத்து. நான் வகுப்பில் நடத்தும் பாடம் இது, உனக்கே நடக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இரண்டில் ஒன்றை எடுத்த பிறகு, விட்டதன் நிறைகளும் எடுத்ததன் குறைகளும் மனத்தை உறுத்தும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் உறுத்தல் இன்னும் கூடும். ஒன்று மோசம், ஒன்று நல்லது என்று இருந்திருந்தால் நீ இந்நேரம் தூங்கியிருப்பாய். நீ தவிக்கிறாய் என்றால் உன் கையில் இருந்த இரண்டுமே நல்ல வண்டிகள் என்றுதான் எனக்குப் புரிகிறது.

[நள்ளிரவு 12.02] நான்: படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சு கேட்க மாட்டேன் என்கிறதே.

[நள்ளிரவு 12.05] அக்கா: அதே 1957இல் இன்னொரு ஆய்வும் வந்தது. புதிதாகக் கார் வாங்கியவர்கள் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். யோசித்துவிட்டுக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட, தாங்கள் வாங்கிய காரின் விளம்பரத்தையே அதிகம் படித்தார்கள். எடுத்த முடிவுக்குத் துணை தேடுகிற மனம் அது. நீ நேர் எதிராகச் செய்கிறாய். உன் முடிவுக்கு எதிராக இரவெல்லாம் சாட்சி சேர்க்கிறாய்.

[நள்ளிரவு 12.06] அக்கா: போய்ப் படு. காலையில் பேசலாம்.

சனிக்கிழமை

[காலை 6.10] அம்மா: இரவு நடந்த பேச்சையெல்லாம் இப்போதுதான் படித்தேன். என்ன ஆயிற்று கண்ணே? வண்டி ஓடவில்லையா?

[காலை 6.31] நான்: ஓடுகிறது அம்மா. உங்களை நினைத்துத்தான் எனக்குப் பெரிய வருத்தம். இது தாழ்வான வண்டி. உங்கள் முழங்காலுக்கு அந்த உயரமான வண்டி வசதியாக இருந்திருக்கும். அதை நினைக்காமல் எடுத்துவிட்டேன்.

[காலை 6.40] அம்மா: யார் சொன்னது? அந்த வண்டியைப் பார்க்கப் போன அன்று நானும் ஏறிப் பார்த்தேனே. காலை அவ்வளவு தூரம் தூக்க முடியாமல் உன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். நீ விற்பனையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாய், கவனிக்கவில்லை. இந்த வண்டியில் முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்கிறேன். வலி இல்லை.

[காலை 6.42] நான்: அம்மா, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

[காலை 6.43] அம்மா: நீ கேட்கவில்லை.

[காலை 7.15] மாமா: எல்லாவற்றையும் படித்தேன். முப்பது வருடம் பட்டறை நடத்தியவன் கேட்கிறேன், வண்டியில் என்ன குறை என்று சொல். மனத்தில் இருப்பதை உன் அக்கா பார்த்துக்கொள்வாள். வண்டியில் இருப்பதை என்னிடம் சொல்.

[காலை 7.28] நான்: சொல்கிறேன் மாமா. காலையில் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. அவர்கள் கொடுத்த தாளில் போட்டிருக்கும் மைலேஜ் வரவில்லை. முக்கால் மணி நேரம் ஓட்டினால் இடுப்பு வலிக்கிறது. மழையில் சக்கரம் லேசாக வழுக்குவது போல இருக்கிறது. பக்கத்தில் வரும் வண்டி திடீரென்று கண்ணில் படுகிறது, பயமாக இருக்கிறது.

[காலை 7.46] மாமா: ஒவ்வொன்றாகப் போவோம். கரகரச் சத்தம்: பிரேக் தட்டு இரும்பு. மழையிலோ பனியிலோ இரவு முழுக்க நின்றால் மேலே மெல்லிய துரு படியும். இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும். அதற்குப் பிறகும் நாள் முழுக்கச் சத்தம் இருந்தால் மட்டும் என்னிடம் கொண்டு வா.

[காலை 7.50] மாமா: தாளில் இருக்கும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி அளந்தது. அங்கே உன் தெரு நெரிசலும் இல்லை, உன் ஏசியும் இல்லை. நீ தினமும் போவது குறைந்த தூரம். என்ஜின் சூடாவதற்குள் அலுவலகம் வந்துவிடுகிறது. குளிர்ந்த என்ஜின் எரிபொருளை அதிகம் குடிக்கும். முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலம். ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்காதே. கணக்கை அதற்குப் பிறகு பார்.

[காலை 7.53] மாமா: புது டயர் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசாக வழுக்கத்தான் செய்யும். அச்சிலிருந்து டயரைக் கழற்றத் தடவும் பொருள் மேல்பரப்பில் மிச்சம் இருக்கும். ஓட ஓடத் தேய்ந்து பிடிப்பு வந்துவிடும். அதுவரை மழையில் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடு.

[காலை 8.02] மாமா: இடுப்பு வலிக்கு வண்டியைக் குறை சொல்லாதே. இருக்கையை எப்படி வைத்திருக்கிறாய்?

[காலை 8.04] நான்: கடையில் கொடுத்தபடியே.

[காலை 8.11] மாமா: அதுதானே பார்த்தேன். உன்னைவிட ஒரு சாண் உயரமானவர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய இருக்கை அது. இடுப்பைப் பின்னால் நன்றாக ஒட்டி உட்கார். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். தோள் இருக்கையில் பட்டபடி கையை நீட்டினால் ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் மணிக்கட்டு படிய வேண்டும். முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்து போகக் கூடாது, உயரத்தை ஏற்று. தலை சாயும் திண்டின் மேல் விளிம்பு உன் தலை உச்சிக்கு நேராக வரட்டும். பிறகு கண்ணாடி. ஓட்டுநர் பக்க ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, உன் வண்டியின் பக்கவாட்டு ஒரு கோடு போலத் தெரியும் வரை அந்தப் பக்கக் கண்ணாடியை வெளியே திருப்பு. மறுபக்கக் கண்ணாடிக்கு வண்டியின் நடுவில் தலையைக் கொண்டு வந்து அதையே செய். பக்கத்தில் வருபவன் மறையும் இடம் வெகுவாகக் குறையும். ஆனாலும் தடம் மாறும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை விடாதே.

[காலை 8.13] தம்பி: மாமா, எனக்கும் இது தெரியாது. இப்போதே போய் என் வண்டியில் சரிசெய்கிறேன்.

[காலை 11.20] நான்: செய்துவிட்டேன் மாமா. கண்ணாடியில் சாலை முழுவதும் தெரிகிறது.

[காலை 11.22] அக்கா: அப்படியென்றால் இன்னும் எது உறுத்துகிறது? உன்னிடம் வேறு ஏதோ இருக்கிறது. எனக்குத் தெரியும்.

[காலை 11.41] நான்: இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் நாளில் நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். களைத்துப் போயிருந்தேன். கடைசியில் இன்னொரு மேசைக்கு அழைத்துப் போய், கூடுதல் உத்தரவாதம், பெயிண்ட் பாதுகாப்பு என்று இரண்டு திட்டங்களைக் காட்டி, “இன்று மட்டும்தான் இந்தச் சலுகை” என்றார்கள். இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தத் தொகையையும் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். மாதத் தவணை ஏறாமல் இருக்க 60 மாதத்தை 84 மாதமாக்கினார்கள். அதற்கும் தலையாட்டினேன். வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

[காலை 11.44] அம்மா: இதையா ஒன்பது நாளாக மனத்தில் வைத்துக்கொண்டிருந்தாய்?

[காலை 11.47] அக்கா: நான்கு மணி நேரம் உட்கார வைத்துக் களைக்கவைத்த பிறகு கேட்டால் யாருக்கும் மறுக்கும் வலு இருக்காது. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். உன் மேல் கோபப்படாதே.

[பகல் 12.15] அத்தான்: இப்போதுதான் வேலை முடிந்து பார்த்தேன். கடன் என் தொழில் என்பதால் சொல்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறாயா?

[பகல் 12.16] நான்: நேற்று இரவு யோசித்தேன் அத்தான்.

[பகல் 12.29] அத்தான்: வேண்டாம். கடையில் நேரில் போய் வாங்கிப் பதிவும் ஆகிவிட்ட வண்டியை மனம் மாறியதற்காகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமை பல இடங்களில் விற்பவருக்குக் கிடையாது. குறை இருந்தால் அது வேறு வழக்கு. மூன்றாம் ஆளுக்கு விற்கலாம் என்றால், புது வண்டியின் மதிப்பு வேகமாக இறங்குவது முதல் ஆண்டில்தான். இப்போது விற்பது எல்லாவற்றிலும் நஷ்டமான வழி. ஆனால் அந்த இரண்டு திட்டங்களும் தனி ஒப்பந்தங்கள். அவற்றை ரத்து செய்யக் கால அவகாசம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தாள்களைப் படம் எடுத்து அனுப்பு, எல்லாப் பக்கத்தையும்.

[பகல் 12.34] அத்தான்: அடுத்தது தவணைக் காலம். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள். 84 மாதம் என்றால் நீ கட்டும் முதல் தவணையில் ஏறத்தாழ 47 சதவீதம் வட்டிக்கே போகிறது. 60 மாதம் என்றால் 36. மொத்தமாகப் பார்த்தால் 84 மாதத்தில் கடன் தொகையில் 35 சதவீதம் அளவுக்கு வட்டி கட்டுவாய், 60 மாதத்தில் அது 25 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. தொடக்கத்தில் அசலில் கூடுதலாகக் கட்டினால்தான் அதிகம் மிச்சம். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் அதே தாளில் பார்க்கிறேன்.

[பிற்பகல் 1.05] நான்: 23 பக்கம் அனுப்பியிருக்கிறேன்.

[பிற்பகல் 3.40] அத்தான்: படித்துவிட்டேன். கூடுதல் உத்தரவாதத்தை 30 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம் என்று பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. பெயிண்ட் பாதுகாப்பை வண்டிக்கு ஏற்கெனவே பூசிவிட்டார்கள், அதற்கு வழியில்லை. அது போனது போனதுதான். கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை. திரும்பி வரும் தொகையை அப்படியே அசலில் கட்டிவிடு.

[பிற்பகல் 3.42] தம்பி: சின்னக்கா, கடிதத்தை நான் எழுதுகிறேன். நேற்று இரவு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உண்மையில் அந்த உயரமான வண்டியை நான் முழுதாகப் பதினைந்து நிமிடம்கூட ஓட்டவில்லை.

[பிற்பகல் 3.50] அக்கா: அவன் சொன்னதைக் கவனி. உன் வண்டியோடு ஒன்பது நாள் வாழ்ந்திருக்கிறாய். அதன் கரகரப்பு, இருக்கை, கடன் எல்லாம் உனக்குத் தெரியும். மற்றதோடு கால் மணி நேரம். அதற்குக் கடன் தாளும் கிடையாது, காலைச் சத்தமும் கிடையாது. அதோடு ஒப்பிட்டால் எந்த வண்டியும் தோற்கும். 2002இல் கில்பர்ட், எபர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு புகைப்படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வாய்ப்புத் தரப்பட்டவர்களைவிட, மாற்ற முடியாது என்று சொல்லப்பட்டவர்களுக்கே கையில் இருந்த படம் அதிகம் பிடித்திருந்தது. நீ இரவெல்லாம் அந்தக் காணொளிகளைப் பார்ப்பது, மாற்றும் கதவைத் திறந்தே வைத்திருப்பது.

[பிற்பகல் 4.02] நான்: அந்த அலைவரிசைகளிலிருந்து விலகிவிட்டேன் அக்கா. இப்போதுதான்.

அடுத்த சனிக்கிழமை

[காலை 9.15] நான்: அம்மாவோடு கிளம்பிவிட்டேன். பெரிய தூரம். நடுவில் நிறுத்தித்தான் இதை அனுப்புகிறேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டேன், இடுப்பு வலி இல்லை.

[காலை 9.17] மாமா: டயரில் காற்றுப் பார்த்தாயா?

[காலை 9.18] நான்: காலையிலேயே பார்த்தேன் மாமா, டயர் குளிர்ந்திருக்கும்போதே.

[காலை 9.20] தம்பி: கடிதத்துக்குப் பதில் வந்ததா சின்னக்கா?

[காலை 9.22] நான்: கிடைத்தது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேட்பேன். இந்தத் தடவை மறுத்துப் பேச வாய் வரும்.

[காலை 9.24] அக்கா: தூக்கம்?

[காலை 9.27] நான்: வருகிறது. வழியில் அந்த உயரமான வண்டி ஒன்று முந்திக்கொண்டு போனது, திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு அம்மாவிடம் பேச்சைத் தொடர்ந்தேன். பாதிப் பேச்சிலேயே அம்மா தூங்கிவிட்டார்.

[காலை 9.30] மாமா: மீட்டரில் எவ்வளவு?

[காலை 9.31] நான்: 612.

[காலை 9.32] மாமா: ஆயிரம் ஆனதும் பட்டறைக்குக் கொண்டு வா. நானே பார்க்கிறேன்.