வீட்டுக்குள் அலைபேசி சிக்னல் இல்லை: பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?

பாலக்கோடு மண்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி செல்லும் வழியில், ஒரு குன்றின் அடிவாரத்தில் எங்கள் வீடு உள்ளது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அதற்கு மேல் வெயிலுக்காகப் போட்ட தகர ஷீட்டுக் கூரை. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றால் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. கூடத்துக்கு இறங்கினால் ஒற்றைக் கோடு, சமையலறையில் அதுவும் இல்லை. நான் தக்காளி வியாபாரம் செய்பவன். விடியற்காலையில் ராயக்கோட்டையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விலை கேட்டு வரும் அழைப்புகள் தவறிப்போகின்றன. வங்கியின் ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடுகிறது. சேவை மையத்தில் புகார் கொடுத்தால், "உங்கள் பகுதியில் கவரேஜ் நன்றாக உள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை முடித்துவிடுகிறார்கள்.

சேலத்தில் ஒரு கடையில் மூன்று பேண்டுகளுக்கும் (அலைவரிசைகளுக்கும்) சேர்த்து ஒரே பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி, இருப்பதாகவும், மாடியில் ஆன்டெனா, கூடத்தில் ஒரு சிறிய ஆன்டெனா என்று மாட்டினால் போதும் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் ஆன்டெனாவை எங்கே பொருத்துவது? வீட்டில் இரண்டு நிறுவனங்களின் சிம் இருக்கிறது. அம்மாவிடம் பட்டன் போன். கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பும் உண்டு.

ஓசூர் அலைவரிசை

வணக்கம் ஐயா. முதலில் அளவெடுத்துவிடுங்கள். திரையில் தெரியும் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த அளவுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் தெரியும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் -85 என்றால் மிக நன்று, -100 வரை பேசுவதற்குக் குறையில்லை, -110ஐத் தாண்டினால் இழுபறி, -120 அருகே அழைப்பு அறுந்துவிடும். 10 டிபி (டெசிபல்) குறைந்தால் வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. மாடி, கூடம், ஜன்னலோரம் ஆகிய மூன்று இடங்களிலும் பார்த்து எழுதுங்கள்.

இனி பூஸ்டர். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் அலைபேசி பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. உரிமமின்றிக் கம்பியில்லாத் தொடர்புக் கருவி வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. இணையக் கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்களே என்பது வாங்குபவருக்குப் பாதுகாப்பு ஆகாது. எனவே ஆன்டெனாவை எங்கே பொருத்துவது என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல இயலாது.

கிருஷ்ணகிரி பழையபேட்டை

ஓசூர் நண்பர் சொல்வது ஏட்டளவில் சரி. ஆனால் எங்கள் தெருவில் ஒரு துணிக்கடையின் கீழ்த்தளத்தில் பூஸ்டர் மாட்டியிருக்கிறார்கள், அங்கே அருமையாகப் பேச முடிகிறது. கோபுரம் கட்டாமலேயே கட்டணம் வசூலிக்கும் நிறுவனத்தை யாரும் கேட்பதில்லை. மலையடிவாரத்தில் இருப்பவர் தன் காசைப் போட்டு ஒரு கருவி வாங்கினால் மட்டும் குற்றமா?

ஓசூர் அலைவரிசை

உங்கள் ஆதங்கம் நியாயமானதே. ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். அது கோபுரத்திலிருந்து வருவதை வீட்டுக்குள் பெருக்குவதோடு நிற்பதில்லை. வீட்டிலுள்ள போன்கள் அனுப்புவதையும், அவற்றோடு தன்னுடைய இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கோபுரத்தின் காதில் அந்த இரைச்சல் ஏறிவிட்டால், அதே திசையில் இருக்கும் மற்ற வீடுகளின் போன்கள் எவ்வளவு கத்தினாலும் அதற்குக் கேட்காது. திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், அழைப்பு மட்டும் போகாது. துணிக்கடைக்குள் பேசுபவருக்கு அருமையாக இருப்பதும், மூன்று தெரு தள்ளி இருப்பவருக்குக் காரணம் தெரியாமல் அழைப்பு அறுவதும் ஒரே கருவியின் வேலையாக இருக்கக்கூடும்.

சிறிய வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதேபோல் உள்ளே இருக்கும் ஆன்டெனா வெளியிடுவதை மாடி ஆன்டெனா மீண்டும் வாங்கினால் கருவி சுற்றிச் சுற்றிக் கூவத் தொடங்கிவிடும். கருவி 65 டிபி பெருக்குவதானால், இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே அதைவிடச் சுமார் 15 டிபி கூடுதலான தடுப்பு இருக்க வேண்டும். ஒரு தளமும் ஒரு மாடிப்படியும் மட்டுமே உள்ள வீட்டில் அது கிடைப்பது அரிது. மலிவான கருவிகளில் அப்போது தானாக அணைந்துகொள்ளும் வசதியும் பெரும்பாலும் இருப்பதில்லை.

அரூர் வயரிங்

நான் மின்பணி செய்பவன். பாலக்கோடு நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஜன்னல்களில் கொசுவலை இருக்கிறதா, இருந்தால் அது நைலானா, எஃகா? கோபுரத்தின் அலை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வருகிறது என்பதால், கீழ்த்தளத்துக்கு உங்கள் தகர ஷீட்டு பெரிய எதிரி அன்று. வீட்டுக்குள் நுழையும் முக்கிய வாசல் ஜன்னல்தான். அலைபேசிக்குப் பயன்படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 செண்டிமீட்டர், 2300இல் 13 செண்டிமீட்டர். அதைவிட மிகச் சிறிதாக ஓரிரு மில்லிமீட்டர் கண்ணுள்ள எஃகு வலை அந்த அலைக்குத் தகரத்தைப் போலவே தெரியும். வெயிலுக்காக ஒட்டும் பளபளப்பான ஜன்னல் தாளும் இதே வேலையைச் செய்யும்.

பாலக்கோடு மண்டி

அளவெடுத்துவிட்டேன். மாடிக் கைப்பிடிச் சுவர் அருகே -93, கூடத்தின் நடுவே -114. கிழக்கு ஜன்னலில் இருப்பது எஃகு வலைதான். வலைக் கதவைச் சாத்தியபடி -109, திறந்தவுடன் -101. இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் வலையைத் திறந்துவைத்து வீட்டுக்குள் இருக்க முடியாது.

ஓசூர் அலைவரிசை

அப்படியானால் அந்தப் பக்க வலைகளை மட்டும் நைலானுக்கு மாற்றிவிடுங்கள். பூஸ்டர் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். மீதிக் குறையைத் தீர்க்க உங்கள் வீட்டிலேயே வழி இருக்கிறது: ஃபைபர் இணைப்பின் வழியாக வைஃபை அழைப்பு. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிச் செயலி வேண்டாம், வழக்கமான எண்ணிலேயே அழைப்பு வரும், பொதுவாக ஓடிபி குறுஞ்செய்தியும் அதே வழியில் வந்துவிடும். போன் மாதிரியும் நிறுவனமும் இரண்டுமே இதை ஆதரிக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். சோதிப்பது எளிது: விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையை மட்டும் இயக்கி, யாரையாவது அழைத்துப் பாருங்கள்.

பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். -114 போன்ற அரைகுறை சிக்னல் இருக்கும்வரை போன் கோபுரத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், வைஃபைக்கு மாறாது. அழைப்பு அமைப்பில் வைஃபைக்கு முன்னுரிமை தரும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு விமானப் பயன்முறையும் வைஃபையும்தான் வழி. சமையலறைக்குள் ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே உதவும்.

பாலக்கோடு மண்டி

என் போனில் விமானப் பயன்முறையிலேயே அழைப்பு போகிறது, மிக்க நன்றி. அம்மாவின் பட்டன் போனுக்கும், மின்சாரம் போகும் நேரத்துக்கும் என்ன செய்வது?

அரூர் வயரிங்

பட்டன் போன்களில் வைஃபை அழைப்பு பொதுவாக இருக்காது. வலை மாற்றிய ஜன்னலோரத்தில் அதை வைத்துவிட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது மட்டும் அழைப்பு உங்கள் எண்ணுக்கு வருமாறு அந்தப் போனின் மெனுவிலேயே திருப்பிவிடுங்கள். குறுஞ்செய்தி அப்படித் திரும்பாது, எனவே அம்மாவின் வங்கிக் கணக்குக்கு உங்கள் வீட்டு ஸ்மார்ட்போனில் உள்ள எண்ணைக் கொடுப்பது நல்லது. யாரோ அழைத்துச் சொல்லும் குறியீட்டை மட்டும் அம்மா அழுத்தக் கூடாது. அழைப்பைத் திருப்பிவிட்டு ஓடிபி திருடும் கும்பல்கள் இருக்கின்றன.

மின்வெட்டுக்கு, ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் போதும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் இணைப்பு தேவை. வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் முதுகிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். சில பெட்டிகள் 9 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றில் 12 கொடுத்தால் கருகிவிடும்.