இரட்டைக் குழல் ரைஃபிள்: பழைய ஜெஃப்ரி .450/400 வாங்கலாமா, புது .470 வாங்கலாமா? மாதாமாதம் சுடுவதற்குத்தான்

கொல்லிமலையான் (டெக்சாஸ்):

எல்லோருக்கும் வணக்கம். பெரிய போர் (bore, அதாவது குழல் துளை) ரைஃபிள் வைத்திருக்கும் நம் ஆட்கள் இங்கே சிலர் இருப்பது தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

என்னிடம் இப்போது ஒரு சி.இசட் 550 இருக்கிறது, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட். சில வருடமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், அதன் உதை எனக்குப் பழகிவிட்டது. அடுத்து ஒரு இரட்டைக் குழல் ரைஃபிள் வேண்டும். அலமாரியில் பூட்டி வைக்க அல்ல, மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு ஒருநாள் ஆப்பிரிக்காவில் எருமை வேட்டைக்கும் போக வேண்டும். பணம் சேர்த்துவிட்டேன்.

இங்கே ஒரு கடையில் இரண்டு துப்பாக்கி பார்த்தேன். ஒன்று டபிள்யூ. ஜே. ஜெஃப்ரி செய்த .450/400, பாக்ஸ்லாக் (சுடும் பொறி உடலுக்குள்ளேயே இருக்கும் வகை), நூறு வருடத்துக்கு மேற்பட்டது. கட்டை நல்ல வால்நட், குழலின் மேல் பழைய நீலப் பூச்சு பாதி போய்விட்டது, ஆனால் குழலின் உள்ளே பளபளப்பாக இருக்கிறது. குழல்களுக்கு அடியில் "கார்டைட் 60 - 400" என்று பொறித்திருக்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. இன்னொன்று ஜெர்மன் மெர்க்கெல், .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், கிட்டத்தட்டப் புதுசு. விலை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கையில் எடுத்ததும் ஜெஃப்ரி தானாகத் தோளுக்கு வந்தது. மெர்க்கெல் அப்படி வரவில்லை. ஆனால் மனசு பழையதைச் சொல்கிறது, புத்தி புதியதைச் சொல்கிறது. இதற்கிடையில் ஒரு நண்பர், வின்செஸ்டர் 1895 மாடலை .405இல் வாங்கு, செலவு குறைவு, வேட்டைக் கதை எழுதிய கென்னத் ஆண்டர்சன் நம்ம தர்மபுரி, ஒசூர்க் காட்டில் அதைத்தானே வைத்திருந்தார் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

---

செம்மண்காடு (கொலராடோ):

தம்பி, முதலில் அந்த எழுத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. "கார்டைட் 60 - 400" என்றால் 60 கிரெய்ன் (தோட்டாவுக்கான சின்ன எடை அளவு) கார்டைட் என்ற பழைய காலத்துத் துப்பாக்கி மருந்து, 400 கிரெய்ன் குண்டு. இதுதான் அந்தத் துப்பாக்கிக்கு அதிகபட்ச சுமை என்று சோதனைச்சாலை முத்திரை குத்தியிருக்கிறது. அந்தச் சுமையை வைத்துத்தான் ஜெஃப்ரியின் ஆட்கள் இரண்டு குழலையும் ஒரே இடத்தில் சுட வைத்திருப்பார்கள்.

இரட்டைக் குழல் ரைஃபிளில் குழல்கள் இணையாக இருக்காது, முனையில் சற்று நெருங்கி வரும். வலக் குழலைச் சுட்டால் துப்பாக்கி மேலேயும் வலப்பக்கமாகவும் எகிறும், இடக் குழல் இடப்பக்கம். குண்டு குழலை விட்டு வெளியே போவதற்குள்ளேயே இந்த அசைவு தொடங்கிவிடுகிறது. அதைக் கணக்கில் வைத்துத்தான் குழல்களைச் சாய்த்து ஈயப் பற்று வைத்து ஒட்டுகிறார்கள். பட்டறையில் ஒருவர் சுட்டுப் பார்ப்பார், முனையில் ஈயப் பற்றை உருக்கிச் சின்ன ஆப்பை நகர்த்துவார், மறுபடி பற்றவைத்துச் சுடுவார், இரண்டு குழலும் ஒன்றாகும்வரை இதே வேலைதான். அதனால் நீங்கள் போடும் தோட்டாவின் வேகம் அந்தக் காலத்து வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வேகம் குறைந்தால் குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், இரண்டு குழலின் குண்டும் விலகிப் போய் விழும். வேகம் கூடினால் வலக் குழல் குண்டு இடப்பக்கமும் இடக் குழல் குண்டு வலப்பக்கமும் போய் விழும். இலக்குத் தாளைப் பார்த்தாலே என்ன குறை என்று துப்பாக்கி சொல்லிவிடும். இந்த வேலைப்பாட்டுக்காகவே எனக்கு இந்தத் துப்பாக்கிகள் மீது இவ்வளவு பிரியம்.

.450/400இல் 3 அங்குலக் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) ஒன்று, 3¼ அங்குலக் கேஸ் ஒன்று என இரண்டு உண்டு. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது. ஜெஃப்ரியுடையது பெரும்பாலும் 3 அங்குலம், அவர்கள்தான் அதைக் கொண்டுவந்தவர்கள். ஆனாலும் சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறையை) அச்சு வார்த்து எடுத்து அளக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். 3 அங்குலமாக இருந்தால் உங்களுக்கு நல்ல காலம், ஹார்னடி அதற்கு 400 கிரெய்ன் குண்டுடன் நொடிக்கு 2050 அடி வேகத்தில் தோட்டா செய்கிறது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது நேராகவே ஒத்துப்போகிறது.

கடையில் செய்ய வேண்டிய இரண்டு சோதனை. துப்பாக்கியைப் பிரித்து, முன்கட்டையை எடுத்துவிட்டு, குழல்களை மட்டும் அடியிலுள்ள கொக்கியில் ஒரு விரல் கொடுத்துத் தொங்கவிடுங்கள். விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே போங்கள். பற்று நன்றாக இருந்தால் கணீரென்று ஒலித்து, ஓசை கொஞ்ச நேரம் நிற்கும். எங்காவது ரிப் (இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை) விட்டிருந்தால் அந்த இடத்தில் சொத்தென்று அடங்கிவிடும். அப்புறம் பூட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகமும் உடலும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரிப் ஓரத்தில் எண்ணெய் கசிந்து கோடாக நிற்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய குழலில் முழுக்கப் பித்தளையில் கடைந்த குண்டைச் சுடாதீர்கள். அந்தக் காலத்து எஃகு மென்மை, குழல் சுவரும் மெலிசு. குண்டு அமுங்கிக் கொடுக்காததால் உள்ளே இருக்கும் புரி குழலின் வெளிப்பக்கமே வரிவரியாகத் தெரியும் அளவுக்குப் பதிந்துவிடும். அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

சட்டப் பக்கம் சிக்கல் இல்லை. 50 வருடத்துக்கு மேற்பட்டது என்பதால் சேகரிப்பாளர் உரிமம் எடுத்தால் வேறு மாநிலத்திலிருந்து வாங்கினாலும் நேராக வீட்டுக்கே வரும். மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான், எப்படியும் எடுத்து வையுங்கள்.

---

வடகடல் (டார்வின், ஆஸ்திரேலியா):

செம்மண்காடு அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை, ஆனால் முடிவில் நான் வேறு பக்கம். எருமைக்குப் போகிறேன் என்கிறீர்கள், அப்படியானால் .470. நான் இருக்கும் வடபகுதியில் நீர் எருமை நிறைய, இங்கே .450/400இலும் .470இலும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல இடத்தில் பட்டால் இரண்டிலும் விழும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புல்லுக்குள் இருந்து எழுந்து வரும் எருமைக்கு முன்னால் 500 கிரெய்ன் குண்டு கையில் இருப்பது தனி தைரியம்.

.470 பிறந்த கதையும் நம்ம ஊர்ப் பக்கத்துக் கதைதான். 1898இல் ரிக்பி என்ற துப்பாக்கிக் கடை .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் கொண்டுவந்ததும் யானை, புலி, எருமை எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று ஆகிவிட்டது. 1907இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 போரைத் தடை செய்தது. கலகக்காரர்கள் கையில் .577/450 மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் இருந்தன, வேட்டைத் தோட்டாக்களிலிருந்து குண்டு எடுத்து அதற்குப் போட்டுக்கொள்வார்கள் என்ற பயம். உடனே லண்டன், பர்மிங்ஹாம் கடைக்காரர்கள் எல்லாம் சட்டத்துக்கு வெளியே நிற்கும் அளவாகப் பார்த்து ஆளுக்கொன்று போட்டார்கள். ஹாலண்ட் .465, ஜோசப் லாங் .470, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476. இவற்றில் .470ஐ மற்ற கடைகளும் எடுத்துக்கொண்டதால் அதுவே நிலைத்தது. இன்று கடைக்குப் போனால் கிடைக்கும் இரட்டைக் குழல் தோட்டா எது என்றால் அதுதான்.

உதை விஷயம். 9 பவுண்டு .375இல் சுமார் 40 அடி-பவுண்டு உதை வாங்குகிறீர்கள். 10 பவுண்டு .450/400லும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால்தான் அது அவ்வளவு இனிமை. .470 என்றால் 11 பவுண்டு துப்பாக்கியிலேயே 65 பக்கம் வரும். மேசையில் குனிந்து உட்கார்ந்து சுடாதீர்கள், தோள் போய்விடும். உயரமான முக்காலியில் முன்கையைத் தாங்கவைத்து, நின்றபடி சுடுங்கள், உடம்பு பின்னால் அசைந்து உதையை வாங்கிக்கொள்ளட்டும். ஈய மூட்டை வைத்து அழுத்தும் தாங்கி வேண்டவே வேண்டாம். உடம்புக்குப் பதில் கட்டை முழு உதையையும் வாங்கி, கைப்பிடி ஒல்லியாகும் இடத்தில் விரிந்துவிடும்.

சுடப் பழகும்போது ஒரு குழலில் மட்டும் தோட்டா போடுங்கள். முதல் உதையில் விரல் பின்விசையில் தட்டி இரண்டாவதும் வெடித்தால் தாங்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஆறு, எட்டு தோட்டா போதும். அதற்கு மேல் சுட்டால் கண் தானாக மூட ஆரம்பிக்கும், அந்தப் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது கஷ்டம். நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் சில நேரம் நிஜத் தோட்டா, சில நேரம் வெற்றுத் தோட்டா போடச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவுக்கும் குழல் முனை இறங்கினால் அன்றைக்குப் போதும் என்று வைத்துவிட வேண்டியதுதான்.

.405 வின்செஸ்டர் வேறு சமாச்சாரம். 1904இல் வந்த நல்ல தோட்டா, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கு அதைத்தான் நம்பினார். ஆனால் எருமைக்கு அது மெலிசு, உங்கள் .375 அதைவிட மேல்.

---

அருவங்காடு ஸ்டேஷன் (குன்னூர்):

இந்த விவாதத்தில் கார்டைட் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா எங்கள் ஊர் கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்கு அது ரயில் ஜன்னலில் தெரியும் ஒரு சுற்றுச்சுவர்தான், உள்ளே நூறு வருடத்துக்கு மேலாக மருந்து செய்கிறார்கள். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் பிசைந்து, அழுத்தி, இழையாக எடுப்பதுதான் கார்டைட். தோட்டாவைப் பிரித்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் சேமியா மாதிரி நீள நீளமாக அடுக்கியிருக்கும்.

அண்ணன்மார் விட்டுப்போன ஒரு விஷயம் வெப்பம். கார்டைட் வெயிலில் சூடானால் அழுத்தம் ஏறும். இங்கிலாந்துக் குளிரில் சரியாகச் சுட்ட துப்பாக்கி, மே மாதத்தில் இந்தியக் காட்டில் வெயிலில் கிடந்த தோட்டாவைப் போட்டால் கேஸ் சேம்பரில் பிடித்துக்கொண்டு வெளியே வராது. புலி எதிரில் நிற்கும்போது அப்படி ஆனால் என்ன கதி? அதனால்தான் பெரிய பெரிய கேஸில் குறைந்த அழுத்தத்தில் மருந்து வைத்தார்கள். வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாவும் விற்றார்கள். 1911இல் வந்த .416 ரிக்பியின் கேஸ் ஏன் அவ்வளவு பெரிசு என்று யோசிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கைனாக் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய தோட்டாப் பெட்டி அந்தக் கடையில் கிடந்தால் வாங்கிச் சேகரிப்பில் வையுங்கள், சுடாதீர்கள். எத்தனை கோடையைப் பார்த்திருக்குமோ தெரியாது.

இங்கே எங்களுக்கெல்லாம் இது கண்ணால் பார்க்கும் ஆசை மட்டும்தான். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆள் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, முன்பு மூன்று. எஸ்டேட் குடும்பங்களில் சில நல்ல இரட்டைக் குழல்கள் தோட்டா இல்லாமல் எண்ணெய் மட்டும் பூசிக் கிடக்கின்றன. நீங்கள் சுடக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள் சார், சுட்டுவிட்டுத் தாளின் படத்தை இங்கே போடுங்கள்.

---

கொல்லிமலையான் (டெக்சாஸ்):

எல்லோருக்கும் நன்றி. இன்று கடைக்குப் போய் அண்ணன் சொன்னபடியே செய்தேன். வெளிச்சம் எங்கும் தெரியவில்லை, பூட்டு இறுக்கம். சேம்பரை வார்த்துப் பார்த்தோம், 3 அங்குலம்தான். ஆனால் தட்டிப் பார்த்தபோது பின்பக்கம் முழுக்கக் கணீரென்றது, முனையிலிருந்து ஒரு சாண் வரைக்கும் சொத்தென்று அடங்குகிறது. அடி ரிப் ஓரத்தில் அந்த இடத்திலேயே எண்ணெய்க் கோடும் இருக்கிறது. கடைக்காரர் விலையைக் குறைக்கத் தயார் என்கிறார். விட்டுவிடவா?

---

செம்மண்காடு (கொலராடோ):

விட வேண்டாம், அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். கீல் இறுக்கம், குழல் உள்ளே சுத்தம், கேஸ் 3 அங்குலம், இந்த மூன்றும் சரி என்றால் துப்பாக்கியின் உயிர் நன்றாகத்தான் இருக்கிறது. ரிப்பை மறுபடி பற்றவைக்கலாம். ஆனால் விட்டிருப்பது முனைப் பக்கம், ஆப்பு இருக்கும் இடம். அதை உருக்கினால் குழல்களின் சாய்வு மாறும், மறுபடி முதலிலிருந்து சுட்டுச் சுட்டு ஒழுங்கு செய்ய வேண்டும். சூடு பட்டதும் நீலமும் போகும், அதையும் திரும்ப ஏற்ற வேண்டும். சாதாரணத் துப்பாக்கிப் பட்டறையில் இதைக் கொடுத்துவிடாதீர்கள், இரட்டைக் குழல் ரைஃபிளை ஒழுங்கு செய்யத் தெரிந்தவர்கள் இந்த நாட்டிலேயே சிலர்தான், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் அப்படி ஒருவரிடம் எழுத்தில் செலவுக் கணக்கு வாங்குங்கள். அந்தத் தொகை முழுவதையும் கடைக்காரர் விலையில் கழித்தால் ஜெஃப்ரியை எடுங்கள், பாதிதான் கழிப்பேன் என்றால் மெர்க்கெலை எடுங்கள், வடகடல் தம்பியும் சந்தோஷப்படுவார். எதுவானாலும் சுட்ட கேஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள், மாதாமாதம் சுட வேண்டுமென்றால் தோட்டாவை நீங்களேதான் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும், கடைத் தோட்டா விலை கட்டுப்படி ஆகாது. என்னிடம் .450/400க்கான டை செட் (கேஸை மறுபடி நிரப்ப உதவும் அச்சுகள்) ஒன்று சும்மா இருக்கிறது. வாங்கியதும் தனிச்செய்தி போடுங்கள், அனுப்பிவைக்கிறேன்.