பனிக்காலக் காலைகளில் பாண்டாக்களுடன்: தன்னார்வலர் அனுபவங்கள்

தூறல் எழுதியது:

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், செங்டூ நகருக்கு வடமேற்கே சிங்செங் மலையடிவாரத்தில் உள்ள துஜியாங்யான் பாண்டா மையத்தில் தன்னார்வலராகப் பணியாற்ற விரும்புவோர் பெரும்பாலும் கோடை விடுமுறையையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் டிசம்பரில் சென்றேன். அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய தின விடுமுறைக் கூட்டம் வடிந்து, சீனப் புத்தாண்டான வசந்த விழாவின் கூட்டம் இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில், வார நாட்களின் காலைப் பொழுதில் பராமரிப்பாளர்களையும் மூங்கில் வண்டிக்காரர்களையும் எங்களைப் போன்ற சிலரையும் தவிர வளாகத்தில் எவரும் இருக்கமாட்டார்கள். வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். குளிர் கடுமையானதன்று, ஆனால் ஈரம் கலந்த குளிர் என்பதால் கையுறைக்குள்ளும் விரல்கள் விறைத்துப்போகும்.

அன்றாட வேலை விட்டையில்தான் தொடங்கும். வளர்ந்த பாண்டா ஒரு நாளில் 12 முதல் 38 கிலோ வரை மூங்கில் உண்ணும். ஊன் உண்ணும் விலங்குகளுக்குரிய குறுகிய குடலே அதற்கு இன்றும் இருப்பதால், உண்டதில் ஏறத்தாழ 17 விழுக்காடுதான் செரிக்கிறது. எஞ்சியது அதிகம் உருமாறாமல் வெளியே வந்துவிடுகிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போன்ற வடிவில் கிடக்கும் அந்த விட்டை, தண்டு தின்ற இரவில் மஞ்சளாகவும் இலை தின்ற இரவில் பச்சையாகவும் இருக்கும். முகம் சுளிக்க வைக்கும் வாடை எதுவும் இல்லை. அப்போதுதான் வெட்டிய மூங்கிலின் மணமே வரும். அதைக் கூட்டி அள்ளி எடைபோடவேண்டும், தின்னாமல் விட்ட மூங்கிலையும் எடைபோடவேண்டும், இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும். சில நாட்களில் விட்டைக்குப் பதிலாகச் சளி போன்ற படலம் மட்டும் வெளிவரும். அன்றைக்கு அந்த விலங்கு உணவைத் தொடாமல் சுருண்டு படுத்திருக்கும். மூங்கிலின் கரடுமுரடான நாரைத் தாங்கவேண்டிய குடலில் இது அவ்வப்போது நேர்வதுதான் என்பதால் பராமரிப்பாளர்கள் பதறுவதில்லை. எனினும் நேரத்தைக் குறித்துக்கொள்ளத் தவறுவதுமில்லை. விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே அதன் இரவைப் படித்துவிடும் இந்தப் பழக்கம், பாண்டாவைக் கட்டியணைக்கும் ஆசையோடு வருகிற தன்னார்வலர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். எனக்கோ மற்ற வேலைகளைவிட இதுவே பிடித்திருந்தது.

அம்மையத்தில் வயது முதிர்ந்த பாண்டாக்களும் பராமரிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு கிழப் பெண் பாண்டாவுக்குக் காலையில் மருத்துவப் பயிற்சி நடக்கும். கம்பிகளுக்கு வெளியே பொருத்தியிருக்கும் இரும்புத் தாங்கியில் முன்காலை நீட்டி, அதன் முனையிலுள்ள கோலைப் பற்றிக்கொள்ள அது பழகியிருந்தது. மயக்க மருந்து தராமலேயே குருதி எடுக்கவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் இந்தப் பயிற்சி உதவுகிறது. ஒருநாள் ஆப்பிள் துண்டுகள் தீர்ந்த பிறகும் அது கோலை விடவில்லை. பராமரிப்பாளரும் எழவில்லை. சற்று நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பி, "என் இடப்பக்கப் பையில் இன்னும் ஒரு துண்டு இருப்பது அதற்குத் தெரியும்" என்றார். அவர் பையில் கைவிட்டு அதை எடுத்துக் கொடுத்ததும்தான் கோல் விடுபட்டது.

கோடையில் வருகிறவர்களைக் குறித்து எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெப்பம் 26 டிகிரியைக் கடந்தால் பாண்டாக்களைக் குளிரூட்டிய அறைக்குள் அழைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் உறங்கும் ஒரு முதுகைக் காண்பதற்காக மக்கள் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். பாண்டா குளிர்கால உறக்கம் கொள்ளாத கரடி. மூங்கிலிலிருந்து கிடைக்கும் ஆற்றல் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் போதாது என்பதே அதற்குக் காரணம். ஆகவே குளிரிலும் அது உண்டுகொண்டே இருக்கவேண்டும். டிசம்பர் காலையில் தண்டைப் பிளக்கும் ஓசை நடைபாதை முழுவதும் கேட்கும். மணிக்கட்டு எலும்பு நீண்டு கட்டைவிரல்போல் ஆகிவிட்ட அந்தக் கையால் தண்டைப் பிடித்துத் தோலை உரிப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

கல்மரம் எழுதியது:

தூறல் அவர்கள் சொன்னது மலைப்பகுதிக்கு இன்னும் பொருந்தும். நான் அதே மாகாணத்தின் வோலோங் பள்ளத்தாக்கில் உள்ள ஷென்ஷூபிங் மையத்தில் பனிக்காலத்தில் இருந்தேன். ஒரு காலையில், பார்வையாளர் எவரும் வந்திராத நேரத்தில், ஓர் இளம் பாண்டா பனி மூடிய சரிவில் உருண்டு இறங்கி, மேலேறி, மீண்டும் உருண்டதைக் கண்டேன். கூட்டத்தைக் கண்டுதான் அவை குறும்பு செய்கின்றன என்று அதுவரை நான் எண்ணியிருந்தது அன்றோடு போயிற்று.

அப்பள்ளத்தாக்கில் இருந்த பழைய மையம் 2008 மே 12 நிலநடுக்கத்தில் சிதைந்துபோனது. அவ்விடம் பின்னர் காட்டுக்குத் திரும்பவேண்டிய குட்டிகளின் பயிற்சிக்களமாயிற்று. 2006இல் முதன்முதலாகக் காட்டில் விடுவிக்கப்பட்ட சியாங் சியாங் என்ற பாண்டா மறு ஆண்டே இறந்த பிறகு, குட்டிகளை மனிதர் வளர்க்காமல் தாயே வளர்க்கும்படி முறையை மாற்றினார்கள். குட்டியின் அருகே செல்லும் பணியாளர்கள் பாண்டா சிறுநீர் தடவிய பாண்டா உடையை அணிந்தே செல்கிறார்கள். அப்படி வளர்ந்த தாவோ தாவோ 2012இல் லிசிபிங் காப்பகத்தில் விடுவிக்கப்பட்டது. அந்தப் பயிற்சிக்களத்தில் என்னைப் போன்றவர்களுக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது.

விட்டை பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். காட்டுப் பாண்டாக்களைக் கணக்கெடுப்போர் விட்டையில் கிடக்கும் மூங்கில் துணுக்குகளின் நீளத்தை அளந்து, கடித்த அளவைக்கொண்டு ஒரு விலங்கை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறார்கள். 2015இல் அறிவிக்கப்பட்ட 1,864 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் மரபணுச் சோதனையோடு இந்த அளவுகோல் வேலையும் இருக்கிறது.

வேங்கை கேட்டது:

அவ்வளவு ஈரக்குளிரில் அவை நடுங்குவதே இல்லையா?

தூறல் பதில்:

நான் கண்டதில்லை. அடர்ந்த மயிர் உடல் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. அதனால் மயிரின் மேற்பரப்பு தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும் என்கிறார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அதே உடல் எடையுள்ள பாலூட்டி செலவிடும் என எதிர்பார்க்கக்கூடிய ஆற்றலில் பாண்டா ஏறத்தாழ 38 விழுக்காட்டை மட்டுமே செலவிடுகிறது. ஆனால் குளிரை அவை உணர்வதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சீனாவின் சின்லிங் மலைக்காட்டுப் பாண்டாக்கள் குளிர்ந்த நாட்களில் புதிய குதிரைச் சாணத்தைத் தேடி உடல் முழுவதும் பூசிக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவுசெய்து 2020இல் வெளியிட்டார்கள். சாணத்திலுள்ள சில வேதிப்பொருட்கள் குளிரை உணரும் நரம்பு வாயில்களை மந்தமாக்குகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். எங்கள் மையத்தில் குதிரைகள் இல்லை.