ஜெர்மனி ஆப்பர்ச்சூனிட்டி கார்டுக்கு மூன்றரை லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

புதுவயல்காரன்:
வணக்கம். வயது 29. காரைக்குடியில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் 6 வருடமாக மெயின்டெனன்ஸ் வேலை. திருச்சியில் ஒரு கன்சல்டன்சி, "ஜெர்மனி ஆப்பர்ச்சூனிட்டி கார்டு, வேலை உறுதி" என்று மூன்றரை லட்சம் கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் முன்பணம் வேண்டுமாம். அம்மா நேற்றே வளையலைக் கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அப்பாவோ சிங்கப்பூர்தான் நமக்குச் சரி என்கிறார். என்ன செய்யட்டும்?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, முதலில் அந்த வளையலை அம்மா கையில் போட்டுவிடுங்கள். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். 2024 ஜூனில் வந்த இந்த கார்டு வேலைக்கான உத்தரவு கிடையாது. ஒரு வருடம் வரை அங்கே தங்கி வேலை தேடலாம், அவ்வளவுதான். அதுவரை வாரம் 20 மணி நேரம் பகுதிநேரமாக உழைக்கலாம். இதில் யார் "வேலை உறுதி" என்றாலும் பொய்.

6 புள்ளி வேண்டும், நீங்களே எண்ணிப் பாருங்கள். கடந்த 7 வருடத்தில் 5 வருட அனுபவம் இருந்தால் 3, வயது 35 தாண்டவில்லை என்றால் 2. உங்கள் தொழில் அங்கே ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தால் 1 சேரும். ஜெர்மன் மொழித் தேர்வில் ஏ2 நிலை (ஏ1 தொடக்கம், அடுத்தது ஏ2, பிறகு பி1, பி2) முடித்தால் இன்னொன்று. ஆனால் எண்ணுவதற்கு முன்னால் உங்கள் டிப்ளமோ நம் நாட்டில் அரசு அங்கீகாரம் பெற்றதுதான் என்று, வெளிநாட்டுப் படிப்புகளைச் சரிபார்க்கும் ஜெர்மன் அலுவலகமான இசட்.ஏ.பி.யின் சான்று வேண்டும். மொழியும் கட்டாயம்: ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2.

விசா கட்டணம் 75 யூரோதான். பெரிய செலவு பிளாக்டு அக்கவுண்ட், அதாவது தங்கும் செலவுக்கு முன்கூட்டியே போட்டுவிட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு: 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு நம் பணம் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். இதை அவர்கள் சொன்னார்களா?

புதுவயல்காரன்:
இல்லை அண்ணே! ஒரு ஆஃபர் லெட்டர் மட்டும் காட்டினார்கள். சம்பளம் யூரோவில் இருக்கிறது, கம்பெனி முகவரி இல்லை. கையெழுத்துக்குக் கீழே ஜிமெயில் முகவரி.

கானாடுகாத்தான்:
ஜிமெயில்! அப்புறம் என்ன சந்தேகம்?

சிங்கப்பூரில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தவன் நான். எங்கள் ஐயா காலத்தில் அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) போய் இறங்கினால் சோறும் படுக்கையும் உண்டு, வேலையும் ஊர்க்காரரிடம்தான். இப்போது அப்படி இல்லை. உங்களைப் போன்ற நடுத்தரத் திறன் வேலைக்காரர்களுக்கான எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வேண்டுமானால், 2025 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பத்துக்குக் மாதம் குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் காட்ட வேண்டும். வயது கூடக் கூட அதுவும் கூடும். ஒரு கம்பெனி எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கும் கோட்டா உண்டு. விண்ணப்பிப்பது கம்பெனி, வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியைக் கட்டுவதும் கம்பெனி. லெவியை உங்கள் தலையில் கட்டினால் அங்கே அது குற்றம். ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்ததும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் சரிபாருங்கள், பிறகு டிக்கெட் போடுங்கள்.

இங்கே ஆள் எடுக்கும் ஏஜென்ட் இந்திய அரசின் இமிகிரேட் (eMigrate) தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். மூன்றரை லட்சம் எந்தக் கணக்கு என்று கேளுங்களேன். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

புதுவயல்காரன்:
கேட்டேன். "வேறு ஆள் ரெடியாக இருக்கிறார்" என்று போனை வைத்துவிட்டார்கள். வளையல் அம்மா கைக்குப் போய்விட்டது, அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஜெர்மன் படிக்கலாம் என்று இருக்கிறேன். காரைக்குடியில் வகுப்பு உண்டா?

தேவகோட்டை ரஸ்தா:
ஆன்லைனில் படியுங்கள், ஷிப்டுக்கும் ஒத்துவரும். தேர்வைச் சென்னையில் ஜெர்மன் மொழி மையமான மாக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம். இடம் சட்டென்று நிரம்பிவிடும், தேதியை முன்னாலேயே பார்த்து வையுங்கள்.